கச்சான் ஓய்ந்த மாலைகளில் ரூபவாகினி

வேதாரண்யத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சித்தப்பா 1986-இல் நட்ட ஆன்டெனாக் கம்பம் நாற்பதடி உயரம். மூன்று ஜிஐ குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, போல்ட் முடுக்கி, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். அடிக்குழாயில் ஒரு பழைய சைக்கிள் ஹேண்டில்பாரை வெல்டிங் வைத்திருந்தார். அதைப் பிடித்துத்தான் ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். கைப்பிடிச் சுவரில் சிவப்பு பெயிண்டில் இரண்டு கோடுகள்: வடக்கே சென்னை, தெற்கே சற்றுக் கிழக்காக இலங்கை.

ரூபவாகினி 1982 பிப்ரவரி 15-இல் ஜப்பான் உதவியோடு தொடங்கிய இலங்கை அரசுத் தொலைக்காட்சி நிலையம். அதன் பெரிய ஒளிபரப்புக் கோபுரம் பிதுருதலாகல மலை உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில் இருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து அனுப்பினாலும், எங்கள் கம்பத்துக்கு நேராக வந்து சேரும் தூரம் கணக்குப்படி 220 கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்கப்புறம் பூமியின் வளைவு மறைத்துவிடும். எங்கள் ஊரோ அங்கிருந்து ஏறக்குறைய 390 கிலோமீட்டர். அப்படியும் படம் வந்தது. எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

கடையில் வாங்கிய ஆன்டெனா சென்னையின் நான்காம் சேனலுக்கு ஏற்ற அளவில் வெட்டியது. அதன் குழாய்கள் இரண்டரை மீட்டர் நீளம். ரூபவாகினிக்கு வேண்டிய அலைவரிசை 174 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. அலை சிறியது என்பதால் குழாயும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். சித்தப்பா அலுமினியக் குழாய் வாங்கி, ஹேக்சாவால் தானே அறுத்துப் பதினொரு கம்பி வைத்து ஒன்று செய்தார். பின்னால் நிற்கும் கம்பி கொஞ்சம் நீளம், முன்னால் போகப் போகக் குட்டை. கம்பி கூடக் கூட எட்டும் தூரம் கூடும், ஆனால் பார்வை குறுகிவிடும். அரை சாண் திரும்பினாலும் படம் போய்விடும்.

அதனால் திருப்புவதற்கு மூன்று பேர் வேண்டும். மாடியில் சித்தப்பா, படிக்கட்டில் நான், கூடத்தில் டயனோரா டிவிக்கு முன்னால் சித்தி. "எப்படிடா இருக்கு?" என்பார் அவர். நான் கீழே கேட்பேன். "ஆள் தெரியுது, மூஞ்சி தெரியல" என்பார் சித்தி. அதை நான் மேலே கத்துவேன். இன்னும் ஒரு விரல்கடை கிழக்கே. "வந்துருச்சு, விட்டுடச் சொல்லு!" சித்தப்பா கையை எடுத்ததும் குழாய் மயிரிழை திரும்பிவிடும், மறுபடி முதலிலிருந்து. சிங்களச் செய்தி ஒரு வார்த்தையும் புரியாது. ஆனாலும் அந்த முகம் புள்ளிகளுக்குள்ளிருந்து மேலே எழுந்து வரும்போது சித்தி சிரிப்பார் பாருங்கள், அதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் படியேறலாம்.

உப்புக் காற்றுதான் எங்களுக்குப் பெரிய எதிரி. ஆறு மாதத்தில் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு வரும் நாடா ஒயரின் முனையில் செம்பு பச்சையாகிப் போகும். பிளேடால் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி, இறுக்கி முறுக்கி, எம்சீல் வைத்து அடைப்போம். நாடா ஒயர் இரும்புக் குழாயை ஒட்டிப் போகக் கூடாது, ஒட்டினால் சிக்னல் பாதி செத்துவிடும். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை டிவிக்குப் பக்கத்தில் வைத்தவர்களிடம் சித்தப்பா சண்டையே போடுவார். கீழே வைத்தால் ஒயரில் தேய்ந்துபோன சிக்னலோடு புள்ளியையும் சேர்த்துத்தானே பெருக்கும்? கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவை ஒட்டி இருக்க வேண்டும். இதை நான் இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

நல்ல படம் எந்த நாளில் வரும் என்பதை அவர் காற்றை வைத்தே சொல்லிவிடுவார். கோடையில் பகலெல்லாம் கச்சான் அடிக்கும். நிலத்திலிருந்து வரும் சூடான வறண்ட காற்று. அது கடலின் ஈரக் காற்றுக்கு மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். கீழே குளிர்ச்சியும் ஈரமும், மேலே சூடும் வறட்சியும். இந்த இரண்டுக்கும் நடுவே அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து, கடலை ஒட்டியே குழாய்க்குள் போவதுபோல் வந்து சேரும். மாலையில் கச்சான் ஓய்ந்து உப்பளத்துத் தண்ணீர் கண்ணாடியாக நின்றால், "இன்னிக்கு வரும்டா" என்பார். அந்த நாட்களில் பூஸ்டரே வேண்டாம். வண்ணம் சிந்தாமல் நிற்கும். மழை அடித்து எல்லாக் காற்றும் கலந்த நாளில் நாற்பதடிக் கம்பம் இருந்தும் வெறும் இரைச்சல்தான்.

நான் நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி வைக்க ஆரம்பித்தேன்: காற்று, நேரம், படம் எத்தனை நிமிடம் நின்றது. மூன்று கோடைக் கட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது.

சென்னையில் வேலைக்கு வந்த பிறகு யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர் ஒருவரோடு பழக்கமானது. பேச்சுவாக்கில் அவரும் சின்ன வயதில் ஆன்டெனா திருப்பியவர் என்று தெரிந்தது. அவர்கள் வீட்டுக் கம்பம் வடக்கே பார்க்கும், தூர்தர்ஷனுக்காக. நாங்கள் தெற்கே பார்த்துக்கொண்டிருந்த அதே மாலைகளில், அதே கடலுக்கு அந்தப் பக்கம். "காத்து விழுந்தாத்தான் படம் வரும் எண்டு அப்பா சொல்லுவார்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

தஞ்சாவூர், ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் ரூபவாகினி பிடித்தவர்கள், யாழ்ப்பாணத்தில் சென்னையைப் பிடித்தவர்கள் யாராவது இருந்தால் மாதத்தையும் காற்றையும் சேர்த்து எழுதுங்கள். என் நாள்காட்டித் தாள்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.