ஒரே வெள்ளம், இரண்டு குறிப்புகள்: எடுத்துக்காட்டு தேடுகிறேன்

எல்லோருக்கும் வணக்கம். செய்திகளில் இனம் எப்படிக் காட்டப்படுகிறது என்று இதழியல் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கப் போகிறேன். உங்கள் உதவி வேண்டும்.

2005-இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்தபோது வெளிவந்த இரண்டு படங்களிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டிலும் மார்பளவு தண்ணீர். ஒன்றில் கறுப்பின இளைஞர் ஒருவர் சாமான்களை இழுத்துக்கொண்டு நடக்கிறார். மளிகைக் கடையைக் கொள்ளையடித்துவிட்டு வருகிறார் என்று கீழே குறிப்பு. இன்னொன்றில் வெள்ளையர் இருவர். கடையிலிருந்து ரொட்டியும் குளிர்பானமும் ‘கண்டெடுத்தார்கள்’ என்று குறிப்பு. இரண்டையும் எழுதியவை வெவ்வேறு செய்தி நிறுவனங்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் கவலை. கை தானாகவே அந்தச் சொல்லுக்குப் போகிறது.

அப்புறம், இது புதிய குறையும் இல்லை. 1967-இல் அமெரிக்க நகரங்களில் நடந்த இனக் கலவரங்களை ஆராய அந்நாட்டு அரசு அமைத்த கெர்னர் ஆணையம், பத்திரிகைகள் வெள்ளையர் கண்ணால்தான் உலகத்தைப் பார்க்கின்றன என்று 1968-இலேயே எழுதிவிட்டது.

எனக்கு வேண்டியது இதுதான். ஒரே மாதிரிச் செயலுக்கு ஆளின் இனத்தைப் பொறுத்துச் சொல் மாறிய செய்திகள், எந்த மொழியானாலும் சரி, உங்கள் கண்ணில் பட்டிருந்தால் தலைப்பையும் தேதியையும் அனுப்புங்கள். செய்தி அறையில் வேலை பார்ப்பவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: சந்தேகத்துக்குரியவரின் இனத்தைக் குறிப்பிடலாமா வேண்டாமா என்று உங்கள் மேசையில் எப்படி முடிவெடுக்கிறீர்கள்? இரண்டு வரி எழுதினாலும் போதும்.