குகைக்குள் எலும்புகள் எப்படி வந்து சேர்ந்தன? முதல் உழவர்களின் புதைப்பு முறை பற்றி ஒரு கேள்வி

நவக்கிரியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தொல்லியல் படித்தவன் அல்லன். கணக்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். மூன்று கிழமைக்கு முன் எங்கள் பெரியப்பா காலமானார். மறுநாள் காடாற்றுக்குச் சுடலைக்குப் போய், தணிந்திருந்த சாம்பலின் மீது பாலும் இளநீரும் தெளித்து, காலடியில் தொடங்கித் தலைப்பக்கம் வரை எலும்புத் துண்டுகளைப் பொறுக்கிப் புது முட்டியொன்றில் இட்டு, வெள்ளைத் துணியால் அதன் வாயைக் கட்டிக் கீரிமலைக்குக் கொண்டுபோனோம். முட்டி என் மடியில்தான் இருந்தது. எதிர்பார்த்ததைவிட அது பாரம் குறைவாக இருந்தது.

அன்றிரவு நித்திரை வராமல் வாசித்துக்கொண்டிருந்தபோது, இத்தாலியில் ஸ்கலோரியா என்னும் குகையில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய உழவர்களின் எலும்புகள் கிடைத்த செய்தி கண்ணில் பட்டது. பெரும்பாலானோர் முழு உடலாகக் கிடத்தப்படவில்லை என்றும், எலும்புகளில் கல்லலகால் சுரண்டிய கீறல்கள் உள்ளன என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அந்தக் குகை இடுகாடா, அல்லது வேறெங்கோ முடிந்த சடங்கின் மிச்சம் வந்து சேரும் இடமா? கீறல் இருந்தால் மனித இறைச்சி தின்றார்கள் என்றல்லவா முதலில் தோன்றும். அப்படி இல்லையென்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? மேலும், எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லாகவே இருக்க, இங்கு அத்தகைய குகைப் புதைப்பு ஒன்றேனும் அறியப்படாமல் இருப்பதற்குக் காரணம் என்ன? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மண்வெட்டி எழுதியது:

பெரியப்பாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள், ஐயா. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அகழாய்வுக் குழிகளில் தூரிகை பிடித்த அனுபவம் எனக்குச் சிறிது உண்டு. அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

ஸ்கலோரியா இத்தாலியின் தென்கிழக்கே மன்பிரெடோனியா நகருக்கு அருகில் உள்ளது. 1931இல் அறியப்பட்ட அக்குகையை 1970களின் இறுதியில் தொல்லியலாளர்களான மரியா கிம்புட்டாசும் சாந்தோ தீனேயும் அகழ்ந்தார்கள். அங்கு கிடைத்த எலும்புகளை மீண்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜோன் ரொப் தலைமையிலான குழு 2015இல் வெளியிட்ட ஆய்வையே நீங்கள் வாசித்திருக்கிறீர்கள் என நினைக்கிறேன். குறைந்தது 22 பேருடைய எலும்புகள் கலந்து கிடந்தன. அவர்களுள் சிறுவர்களும் பலர். காலம் ஏறத்தாழ கி.மு. 5500 முதல் 5200 வரை. இவர்கள் குகையில் குடியிருந்தவர்கள் அல்லர் என்பதை முதலில் மனதில் இருத்த வேண்டும். அருகே விரிந்து கிடக்கும் தவொலியேரே சமவெளியில், சுற்றிலும் அகழி வெட்டிய உழவர் ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது விமானத்திலிருந்து எடுத்த படங்களில்தான் அந்த அகழிகளின் வட்டங்கள் பயிர்களுக்கிடையே முதன்முதலாகத் துலங்கின. அவ்வூர்களின் அகழிகளிலும் மனிதரைப் புதைத்திருக்கிறார்கள். ஆகவே குகைக்கு வந்தவர்கள் இறந்தோருள் ஒரு பகுதியினர் மட்டுமே.

இனிக் கீறல்கள். இறந்த உடனேயே உடலைக் கூறுபோட்டிருந்தால் மூட்டுகளில் ஆழமான வெட்டுகளும், தசை பற்றியிருந்த இடங்களில் வலுவான கீறல்களும் ஏராளமாக இருந்திருக்கும். ஸ்கலோரியாவில் காணப்படுபவை மெல்லிய, சிலவே ஆன கீறல்கள். மாதக்கணக்கில் வேறோரிடத்தில் கிடந்து, சதை பெரும்பாலும் அழிந்த பின்னர், எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்த நார்களை மட்டும் யாரோ பொறுமையாகச் சுரண்டியிருக்கிறார்கள் என்றே அவற்றைக் கொள்ள வேண்டியிருக்கிறது. எலும்பைத் துப்புரவாக்கிய பிறகு அதைப் பேழையில் வைத்துப் பூட்டவும் இல்லை. உடைந்த மட்பாண்டங்கள், விலங்கெலும்புகள், கற்கருவிகள் ஆகியவற்றோடு மேல் அறையின் தரையில் விட்டுவிட்டார்கள். நம் மனதுக்கு அது புறக்கணிப்புப் போலத் தோன்றலாம். ஆனால் அதே குகையின் கீழ் அறையில், கூரையிலிருந்து தொங்கும் கற்படிவங்களில் சொட்டும் நீரை ஏந்துவதற்கு அழகிய வண்ணக் கலங்களை வைத்திருந்தார்கள். துளித்துளியாக இறுகி வெள்ளையாக நீளும் அந்தக் கல்லும், சதை நீங்கி வெளுத்த எலும்பும் அவர்களுடைய எண்ணத்தில் ஒரே பொருளாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிரூபிக்க முடியாத கருத்துத்தான். எனினும் எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

மனித இறைச்சி உண்டதற்கான சான்றுகள் வேறு குகைகளில் உள்ளன என்பதையும் மறைக்கக் கூடாது. பிரான்சின் தென்கிழக்கிலுள்ள ஃபோன்பிரெகுவா குகையில் மனித எலும்பும் விலங்கெலும்பும் ஒரே விதமாக வெட்டப்பட்டு, உள்ளிருக்கும் மச்சைக்காக ஒரே விதமாக உடைக்கப்பட்டிருந்தன என்று 1986இல் ஓர் ஆய்வு வாதிட்டது. அதை இரண்டாம் நிலைப் புதைப்பு, அதாவது சதை அழிந்த பின் எலும்பை எடுத்து மீண்டும் வைப்பது, என்று மறுத்தவர்களும் உண்டு. ஸ்பெயினில் அட்டபுவெர்காவிலுள்ள எல் மிரடோர் குகை பற்றி 2025இல் வந்த ஆய்வில் சந்தேகத்திற்கு இடம் குறைவு. ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன் அங்கு குறைந்தது 11 பேர் தோலுரிக்கப்பட்டு, சமைக்கப்பட்டு, உண்ணப்பட்டிருக்கிறார்கள். மனிதப் பற்களின் தடம்கூட எலும்புகளில் உள்ளது. கீறல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. பச்சை எலும்பாக இருக்கும்போதே உடைத்தார்களா, கொதிநீரில் கிடந்த மினுக்கம் இருக்கிறதா, பல் பட்டதா என்று எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தீவகத்தாள் எழுதியது:

நான் பல் வைத்தியர். உடற்கூற்றியலும் சில காலம் கற்பித்தேன். மண்வெட்டி அவர்கள் கீறல்களைச் சொன்னார்கள். நான் சின்ன எலும்புகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் “இடுகாடா, மிச்சம் வந்து சேரும் இடமா” என்ற கேள்விக்கு நேரடியான விடை அவற்றிலேயே இருக்கிறது.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. அவற்றுள் பட்டாணி எலும்பு எனப்படுவது பெயருக்கேற்றபடி ஒரு பட்டாணிக் கடலை அளவே இருக்கும். உடலை முழுதாகக் குகைக்குள் கிடத்தி அங்கேயே அழிய விட்டால், மணிக்கட்டு எலும்பு, விரல் நுனி எலும்பு, முழங்காற் சில்லு ஆகியவை மண்ணைச் சலிக்கும்போது உரிய விகிதத்தில் கிடைக்கும். வேறிடத்தில் அழிந்த உடலிலிருந்து பெரிய எலும்புகளை மட்டும் பொறுக்கிக் கொண்டுவந்தால் மண்டையோடும் தொடையெலும்பும் மிகுந்திருக்கும். சின்னவை உடல் முதலில் கிடந்த இடத்திலேயே தங்கிவிடும். சில இடங்களில் இதற்கு நேர்மாறாக, குகைக்குள் சின்ன எலும்புகள் மட்டும் மிஞ்சியிருக்கும். அப்படியானால் உடல் அங்கே கிடந்திருக்கிறது, பிறகு பெரிய எலும்புகளை யாரோ வந்து எடுத்துச் சென்றிருக்கிறார்கள். நரியும் முள்ளம்பன்றியும் புகுந்து குழப்பினாலும், வெள்ளம் அடித்துச் சென்றாலும் இந்தக் கணக்குப் பிழைத்துப்போகும் என்பதால், கடித்த அடையாளங்களையும் மண்படிவையும் கூடவே பார்ப்பார்கள்.

“குறைந்தது 22 பேர்” என்ற எண்ணும் இவ்வாறு வருவதுதான். கலந்து கிடக்கும் குவியலில் ஒரே பக்கத்து, ஒரே எலும்பு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவார்கள்; ஒருவருக்கு இரண்டு வலது தொடையெலும்பு இருக்க முடியாது. உண்மைத் தொகை அதைவிடக் கூடவே இருக்கலாம், குறையாது.

என் தொழில் சார்ந்து இன்னொன்று. பல்லின் கடினமான மேலுறையான மிளிரி சிறுவயதில் உருவான பின் மாறுவதில்லை. அதிலுள்ள ஸ்ட்ரோன்சியம் என்னும் தனிமத்தின் விகிதம், அந்தக் குழந்தை எந்த நிலத்தின் நீரும் தானியமும் உண்டு வளர்ந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். மாச்சத்து உணவு மிகுந்தால் சூத்தைப் பல்லும் பெருகும். மரபணுவுக்கோ பல்லைவிட உட்செவியைச் சூழ்ந்த எலும்பு சிறந்தது. உடலிலேயே மிகவும் கடினமான எலும்பு அது. வட இஸ்ரேலின் பெக்கீன் குகையில் 22 பேரின் மரபணுவை 2018இல் வெளியிட்டார்கள். 1995இல் வீதி வேலையின்போது வெளிப்பட்ட அக்குகையில், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய 600க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் இருந்தன. அவற்றுட் பல, வீடு போலச் செய்த மண்பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. சிலவற்றின் முகப்பில் மூக்கும் கண்ணும்கூட உண்டு. சதை நீங்கிய எலும்புக்கே அந்த வீடு கிடைத்தது.

உங்கள் காடாற்று ஒப்பீட்டில் ஒரு எச்சரிக்கை, ஐயா. எரித்த எலும்பு சுருங்கி வெடித்து நொறுங்கும். ஸ்கலோரியா எலும்புகள் எரியாதவை. இரு முறைகளுக்கும் இடையே தொடர்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் மரணத்தை ஒரே நாளில் முடித்துவிடாமல் இரண்டாம் தடவை எலும்பைத் தொடும் வழக்கம் என்ற அளவில், ஒப்பீடு தவறும் இல்லை.

நவக்கிரியான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. “சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்” என்று மணிமேகலையில் வரும் அடிகள் இதை வாசித்தபோது நினைவுக்கு வந்தன. “தாழ்வயின் அடைப்போர்” என்பது குகைப் புதைப்பாக இருக்குமோ?

கிணற்றடி எழுதியது:

அந்த ஆசையை நானும் ஒருகாலத்தில் கொண்டிருந்தேன். தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்போர் என்பதே அச்சொற்களின் பொருள். குகை என்று அங்கு இல்லை. அந்த அடிகள் காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டைச் சொல்பவை. ஆற்று வண்டல் நிலத்தில் மலைக்குகையை எங்கே தேடுவது? ஒரே ஊரில் ஐந்து வகையாக இறந்தோரை அனுப்பினார்கள் என்பதுதான் அந்த அடிகளில் எனக்குப் பெரிய செய்தி. சமவெளி அகழியிலும் குகையிலும் ஒரே காலத்தில் புதைத்த இத்தாலிய உழவர்களை நினைத்தால் அது வியப்பாகவும் இல்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நீர்வழங்கல் வேலையில் முப்பது வருடம் கழித்தவன் என்பதால் அது என் பக்கத்துக் கேள்வி. நமது சுண்ணாம்புக்கல்லில் துவாரங்கள் இல்லை என்று யார் சொன்னது? உங்கள் ஊர் நிலாவரைக் கிணறே அப்படியொன்றுதான். நிலத்தடிப் பொந்தின் கூரை இடிந்து விழுந்த வாய் அது. குடாநாடு கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே உள்ளது. மழைநீர் கல்லினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. ஆகவே இங்குள்ள பொந்து எதுவானாலும் சிறிது ஆழத்திலேயே நீர் நிறைந்துவிடும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் 120 மீற்றர் அளவில் தாழ்ந்து, பாக்கு நீரிணை தரையாக இருந்தபோது இவற்றுட் பல உலர்ந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது உழவர் எவரும் இல்லை. உழவு வந்த காலத்தில் கடல் ஏறிவிட்டது. நாம் இறந்தோரை வைக்கக்கூடிய பொந்துகள் எல்லாம் நாம் குடிக்கும் கிணறுகளாகிவிட்டன. குடிநீர்க் கிணற்றில் எந்த உழவன் எலும்பைப் போடுவான்?

தெற்கே உலர்ந்த குகைகள் உண்டு. பாஹியன்கல, பட்டதொம்பலென, கித்துல்கலைக்கு அருகிலுள்ள பெலிலென ஆகியவற்றில் மனித எலும்புகள் கிடைத்துள்ளன. பாஹியன்கலவில் தெரிந்தெடுத்த எலும்புகளுக்குச் செங்காவி பூசிப் புதைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பலாங்கொடை மனிதர் என்று நாம் அழைக்கும் வேட்டுவர்கள். அக்குகையில் மனிதர் வாழ்ந்த தடயம் 48,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்கிறது. எலும்பை இரண்டாம் முறை எடுத்துப் புதைப்பதை உழவர்கள்தான் தொடக்கி வைத்தார்கள் என்று எவரேனும் எழுதினால், இந்தச் செங்காவியை அவர்களுக்குக் காட்டலாம். இலங்கையில் நெல்லும் மாடும் இரும்பும் ஏறத்தாழ ஒன்றாகவே, அநுராதபுரத்தில் கி.மு. 900 அளவில் தெளிவாகத் தென்படுகின்றன. அதன் பிறகு நமக்குக் கிடைப்பவை பொம்பரிப்பின் தாழிகளும், இப்பன்கட்டுவையின் கல்லறைகளும், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்த ஆனைக்கோட்டைப் புதைகுழிகளுமே. ஆனைக்கோட்டையில் மனிதரை மண்ணில் நீட்டிக் கிடத்தியிருந்தார்கள். கூடவே கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் இருந்தன. பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையும் அங்கிருந்தே வந்தது. குகை வேண்டுமென்ற தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.

மண்வெட்டி எழுதியது:

கிணற்றடி அண்ணர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தென்னிந்தியாவின் புதிய கற்கால உழவர்களும் குகையை நாடவில்லை. கர்நாடகத்தின் பிரம்மகிரியிலும் தெக்கலகோட்டையிலும் குழந்தைகளைத் தாழியில் இட்டு வீட்டுத் தரையிலும் வீட்டருகிலும் புதைத்தார்கள். வளர்ந்தோரைக் குழியில் நீட்டிக் கிடத்தினார்கள். குகைக்குள் எலும்பு நன்றாகத் தங்குகிறது, ஏர் அதைக் கிளறுவதில்லை. அதனால் குகைகள் நம் கண்ணுக்கு அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிகின்றன. உழுது அழிந்த சமவெளிப் புதைப்புகளின் தொகையை யாரும் எண்ணவில்லை.

நவக்கிரியான் எழுதியது:

தீவகத்தாள் அம்மா எழுதியதை வாசித்த பின், அன்று முட்டியில் நாங்கள் இட்டவற்றை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மண்டையோட்டுத் துண்டுகள் நான்கோ ஐந்தோ, தொடையெலும்பின் தலை, முதுகெலும்பு இரண்டு, பெயர் தெரியாத நீளமான சில துண்டுகள். மணிக்கட்டு எலும்பு ஒன்றுகூட இல்லை. நாங்கள் திரும்பிய பின் சுடலையில் மழை பெய்தது.