ஹெச்61 போர்டில் 6500 எக்ஸ்டி: "எந்த ஸ்லாட்டிலும் ஓடும்" என்று சொன்னவர் வந்து பதில் சொல்லவும்

மதர்போர்டுமாமா:
ஐ5-2400 (இரண்டாம் தலைமுறை இன்டெல் சிபியு), அதற்கேற்ற பழைய ஹெச்61 மதர்போர்டு வைத்திருக்கும் ஒருவர் பக்கத்துத் திரியில் கிராபிக்ஸ் கார்டு கேட்டார். நம் பிக்சல்பாண்டி சொன்ன பதில்: "பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்) வெர்ஷனெல்லாம் பார்க்காதீர்கள். புது கார்டு பழைய ஸ்லாட்டில் தாராளமாக ஓடும், இரண்டு மூன்று சதவீதம்தான் குறையும். கண்ணை மூடிக்கொண்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்குங்கள்."

பதிலையும் கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். அந்த கார்டுக்கு இருப்பதே நாலு லேன், அதாவது டேட்டா போகும் நாலு பாதை. பிசிஐஇ 4.0 ஸ்லாட்டில் அந்த நாலும் சேர்ந்து நொடிக்கு 8 ஜிபி கொண்டு வரும். ஐ5-2400 தருவது பிசிஐஇ 2.0. அதில் 2 ஜிபி. பிசிஐஇ-க்கு முன்னால் இருந்த ஏஜிபி ஸ்லாட்டே 8எக்ஸ் வேகத்தில் 2.1 ஜிபி! 2022-ல் வந்த கார்டை ஏஜிபியை விட மெதுவாக ஓட்டச் சொல்வதற்குப் பெயர் ஆலோசனையா?

பிக்சல்பாண்டி:
வந்துவிட்டேன் மாமா. என் பெயரைத் தலைப்பிலும் போட்டிருக்கலாம், குறைந்துபோயிருக்காது.

நான் சொன்னது ஓடும் என்று. ஓடுமா ஓடாதா? 1.1 ஸ்லாட்டில்கூட 4.0 கார்டு ஏறும், இரண்டும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு குறைந்த வேகத்தில் ஓடும். என் நண்பன் வீட்டில் இதே ஹெச்61-ல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏஜிபியாம். அதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

மதர்போர்டுமாமா:
நாலு லேன், தம்பி. அதற்கு பதில் எங்கே? இரண்டு மூன்று சதவீதம் என்பது 16 லேன் கார்டுக்குச் சொல்கிற கணக்கு. 16 லேன் உள்ள ஜிடிஎக்ஸ் 1650-ஐ 2.0-வில் போட்டால் நொடிக்கு 8 ஜிபி கிடைக்கும், அது சமாளிக்கும். 6500 எக்ஸ்டிக்கு அதில் கால்வாசிதான். கார்டில் இருப்பது 4 ஜிபி மெமரி. அது நிரம்பியதும் மிச்ச டெக்ஸ்சர் (கேம் காட்சிகளின் மேல்பூச்சுப் படங்கள்) எல்லாம் மெயின் ரேமிலிருந்து இந்த நாலு லேன் வழியாகத்தான் வர வேண்டும். கேமில் திரும்பும்போது படம் நிற்கும், அப்புறம் குதிக்கும். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) சராசரியைப் பார்த்தால் இது தெரியாது.

பிக்சல்பாண்டி:
முதலில் யாரைத் தம்பி என்கிறீர்கள்? எனக்கும் நரைத்துவிட்டது.

டெக்ஸ்சரை மீடியத்தில் வைத்தால் 4 ஜிபிக்குள் அடங்கும். ஐ5-2400 வைத்திருப்பவர் அல்ட்ராவிலா விளையாடப் போகிறார்? இன்னொன்று, ஏஜிபியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் டேட்டா போகும். பிசிஐஇ-யில் அந்த 2 ஜிபி போகவும் வரவும் தனித்தனி. கணக்குப் போட்டால் முழுசாகப் போடுங்கள்.

தூசிதட்டி:
ஏஜிபி என்றதும் ஓடி வந்தேன். 3.3 வோல்ட் கார்டு, 1.5 வோல்ட் ஸ்லாட், தப்பாகச் செருகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பள்ளம் வேறு இடத்தில். சில கார்டில் பள்ளமே தப்பாக வெட்டி அனுப்பி போர்டையே எரித்த காலம் அது. இன்று எதைச் செருகினாலும் எரியாது. அதற்கே பிசிஐஇ-க்குக் கற்பூரம் காட்ட வேண்டும்.

மதர்போர்டுமாமா:
எரியாது என்பதுதான் இப்போது தரமா? நாலு லேன்.

ராத்திரிரைடர்:
சண்டை எதற்கு? அதே ஹெச்61-ல் மூன்றாம் தலைமுறை சிபியு ஒன்றைப் போட்டு பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் ஸ்லாட் 3.0 ஆகிவிடும். ஐ3-3220 குப்பை விலைக்குக் கிடைக்கிறது. முடிந்தது கதை.

மதர்போர்டுமாமா:
முடியவில்லை. ஐ3-3220 மூன்றாம் தலைமுறைதான், ஆனால் அதற்கும் 2.0தான். 3.0 வேண்டுமென்றால் ஐ5-3470 மாதிரி ஏதாவது வேண்டும், போர்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படியே 3.0 வந்தாலும் நொடிக்கு 4 ஜிபிதான், ஏனென்றால்... சரி, எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்: நாலு லேன்.

ராத்திரிரைடர்:
ஓ, ஐ3-க்கு இல்லையா? என்னுடையது ஐ5, அதனால் எனக்குத் தெரிய வேண்டிய அவசியம் இருந்ததில்லை. ஆனால் இப்போது ஜிபியு-இசட் (கார்டு விவரம் காட்டும் மென்பொருள்) திறந்தால் என் 1650-ல் "எக்ஸ்16 1.1" என்று காட்டுகிறது. என் போர்டு 1.1-ஆ?

பிக்சல்பாண்டி:
அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னக் கேள்விக்குறி இருக்கும், அதை அமுக்கி ரெண்டர் டெஸ்ட் ஓட விடுங்கள். சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்க 1.1-க்கு இறங்கும், வேலை வந்ததும் ஏறும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் "என் ஸ்லாட் போச்சு" என்று திரி போடுகிறார்கள். பெயர் சொல்லவில்லை.

மதர்போர்டுமாமா:
பெயர் சொல்லுங்கள், பரவாயில்லை. அந்தத் திரியில் இன்னும் பழைய ஜி41 போர்டைப் பற்றிக் கேட்டேன். ஜி41 உண்மையிலேயே 1.1தான். தேடிப் படியுங்கள்.

பிக்சல்பாண்டி:
படித்தேன். ஐந்து பக்கம் நீங்களே பேசியிருக்கிறீர்கள்.

ஓப்பன்சோர்ஸ்ஒண்டி:
லினக்ஸில் ரூட்டாக "lspci -vv" என்ற கட்டளையை அடித்தால் கார்டால் முடிந்த வேகமும் இப்போது ஓடும் வேகமும் அருகருகே வந்துவிடும். கேள்விக்குறியும் வேண்டாம், ஆச்சரியக்குறியும் வேண்டாம்.

தூசிதட்டி:
லினக்ஸ்காரர் வந்துவிட்டார். திரி இனி உருப்படாது.

கேள்விகேட்டவன்:
கார்டு கேட்டது நான்தான். என்னுடையது ஆபீஸ் ஏலத்தில் எடுத்த ஒல்லிப் பெட்டி. எஸ்எம்பிஎஸ்-ல் (பவர் சப்ளை) கார்டுக்குத் தனி பவர் தரும் 6 பின் ஒயர் இல்லை. இப்போது என்ன வாங்குவது?

பிக்சல்பாண்டி:
அப்படியா, பெட்டி ஒல்லி என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஆர்எக்ஸ் 6400 வாங்குங்கள், உயரம் குறைந்த மாடல், தனி பவர் வேண்டாம்.

மதர்போர்டுமாமா:
6400-க்கு எத்தனை லேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள் பாண்டி. நானே சொல்கிறேன்: நாலு. சுற்றிச் சுற்றி அதே கிணற்றில் விழுகிறார். அதோடு, அந்தக் காலத்து ஆபீஸ் பெட்டி பலவற்றில் யுஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) ஒழுங்காகக் கிடையாது. புது ரேடியான் கார்டு (6400 இந்த வகைதான்) போட்டால் சிலதில் திரையே வராது. ஃபேன் சுற்றும், லைட் எரியும், மானிட்டர் "நோ சிக்னல்" என்று தூங்கும். கேள்விகேட்டவரே, 1650-ல் உயரம் குறைந்தது தேடுங்கள், 6 பின் இல்லாததாகப் பார்த்து.

தூசிதட்டி:
6 பின் இல்லை என்றால் மோலக்ஸ் (பழைய நாலு பின் பவர் ஒயர்) கன்வெர்ட்டர் போட்டு 6500 எக்ஸ்டியே ஓட்டலாம். நான் ஓட்டுகிறேன்.

மதர்போர்டுமாமா:
ஒல்லிப் பெட்டியில் அந்த கார்டு உட்காராது என்பது ஒரு பக்கம். போன வருடம் நீங்கள் சொன்ன கன்வெர்ட்டரைப் போட்டு ஒருவர் கருகிய கனெக்டர் படம் போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா?

தூசிதட்டி:
அது அவர் எஸ்எம்பிஎஸ் கோளாறு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

பிக்சல்பாண்டி:
மாமாவுக்கு எல்லாமே கருகும், எல்லாமே நிற்கும். சரி, ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டு ஹெச்61-ல் 6500 எக்ஸ்டி ஓடுவதை வீடியோ எடுத்துப் போடுகிறேன். ஓடும்.

மதர்போர்டுமாமா:
போடுங்கள். எந்த கேம், டெக்ஸ்சர் எதில், விஆர்ஏஎம் (கார்டின் மெமரி) எவ்வளவு நிரம்பியது என்பது திரையில் தெரிய வேண்டும். ஃபிரேம் டைம் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆன நேரம்) கோடும் வேண்டும். போன தடவை மாதிரி மெனுவில் நின்றுகொண்டு 140 எஃப்பிஎஸ் காட்டாதீர்கள்.

பிக்சல்பாண்டி:
அது மெனு இல்லை, லோடிங் முடிந்து கேம் ஆரம்பித்துவிட்டது.

மதர்போர்டுமாமா:
பின்னால் "ஸ்டார்ட்" பட்டன் மின்னிக்கொண்டிருந்தது.