லோக்கல் பிளான் வரைபடத்தில் எங்கள் கடை வரிசையைச் சுற்றிச் சிவப்புக் கோடு, இதற்கு என்ன அர்த்தம்?

மூலைக்கடை எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். லண்டனின் ஓரத்துப் பரோ ஒன்றில் இருக்கிறோம், பெயர் வேண்டாம். ஒரு கவுன்சில் எஸ்டேட்டின் முகப்பில் ஆறு கடைகள், அதில் ஒன்றை அப்பா பதினேழு வருடமாக நடத்துகிறார். கட்டடம் கவுன்சிலுடையது, கடை லீஸ். கடைக்கு மேலே பிளாட்கள், ஆனால் நாங்கள் அங்கே குடியிருக்கவில்லை, இரண்டு பஸ் தள்ளி வேறு இடத்தில் இருக்கிறோம்.

போன கிழமை கவுன்சிலில் இருந்து ஒரு கடிதம். புது லோக்கல் பிளான், அதாவது பரோவில் எங்கே என்ன கட்டலாம் என்ற திட்டம், தயாரிக்கிறார்களாம். "ரெகுலேஷன் 18" என்ற ஆரம்பக் கட்டக் கருத்துக்கேட்பு, ஆறு வாரம் தவணை. இணைப்பில் போனால் நானூறு பக்கத்துக்கு மேல் ஒரு பிடிஎஃப். இரவு ஒரு மணி வரை தேடியதில், எங்கள் கடை வரிசை, பின்னால் கார் விடும் இடம், எஸ்டேட்டின் இரண்டு பிளாக் எல்லாவற்றையும் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. கீழே "சைட் அலொகேஷன்" (கட்டுவதற்கு ஒதுக்கிய இடம்), இத்தனை வீடுகள், தரைத்தளத்தில் கடைகள் என்று நாலு வரி. அப்பா போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எங்கட ஃப்ரீஸர் நிக்கிற இடத்துக்கு மேலால கோடு போகுது" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை.

உடைக்கப் போகிறார்களா? எப்போது? நாங்கள் எழுதிப் போட்டால் யாராவது வாசிப்பார்களா, இல்லை எல்லாம் முடிவெடுத்த பிறகு சும்மா கேட்கிறார்களா?

—

பழைய வரைபடம் எழுதியது:

தம்பி, வேறொரு கவுன்சிலின் திட்டமிடல் கொள்கைப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன், இந்த மாதிரிச் சிவப்புக் கோடுகளை நானே போட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில், அந்தக் கோடு அனுமதி இல்லை. நாளைக்கே புல்டோசர் வராது. ஆனால் "வெறும் காகிதம்தானே" என்று விட்டுவிடவும் கூடாது. இங்கிலாந்தில் 1947 நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்துக்குப் பிறகு, நிலம் உங்களுடையதாக இருந்தாலும் அதில் கட்டும் உரிமை உங்களுடையது இல்லை, அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அனுமதி கொடுப்பதா மறுப்பதா என்பதை லோக்கல் பிளானை ஒட்டித்தான் முடிவு செய்ய வேண்டும், அதை மீறத் தகுந்த காரணம் இருந்தால் ஒழிய. இது 2004 திட்டமிடல் சட்டத்தின் 38(6) பிரிவு. அதாவது ஐந்து வருடம் கழித்து யாரோ ஒரு டெவலப்பர் விண்ணப்பம் போடும்போது, "இந்த இடத்தில் வீடு கட்டலாம் என்று நீங்களே பிளானில் எழுதியிருக்கிறீர்களே" என்பார். அன்றைக்கு நீங்கள் போய் இங்கே கட்டவே கூடாது என்றால், அந்தக் கேள்வி ஏற்கெனவே முடிந்துபோனது. எத்தனை மாடி, எங்கே பால்கனி என்று மட்டும்தான் பேச முடியும். விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் கட்டிய பிறகு கூட்டம் கூட்டமாக வருவார்கள், பிளான் கருத்துக்கேட்புக்கு ஹாலில் நாலு பேர் இருப்பார்கள். எல்லா இடத்திலும் இதே கதைதான்.

கோடு ஏன் உங்கள் தலைமேல் விழுந்தது? வீட்டு எண்ணிக்கை மேலிருந்து வருகிறது, லண்டனில் மேயரின் லண்டன் பிளானும் சேர்ந்து நெருக்கும். போதுமான இடம் காட்டாவிட்டால், பிளானைச் சோதிக்க அரசு அனுப்பும் இன்ஸ்பெக்டர் அதை ஏற்க மாட்டார், பிளான் பழசாகிப் போனால் டெவலப்பர் அப்பீலில் ஜெயித்து வேண்டாத இடத்தில் கட்டிவிடுவார். அதனால் கவுன்சில் "கால் ஃபார் சைட்ஸ்" என்று அழைப்பு விடும், யார் வேண்டுமானாலும் இடத்தைச் சொல்லலாம். உங்கள் இடத்தைச் சொன்னது அநேகமாகக் கவுன்சிலின் சொத்துப் பிரிவாகவே இருக்கும். ஒரே கட்டடத்தில் மூன்றாம் மாடிக்காரர் கொடுக்க, நான்காம் மாடிக்காரர் கோடு போடுவார்.

இப்போது அந்த நாலு வரியைத் திரும்ப வாசியுங்கள், வினைச்சொல்லை மட்டும் பாருங்கள். "இப்போதுள்ள கடைப்பரப்பு மீண்டும் வழங்கப்பட வேண்டும்" என்று இருக்கிறதா, "இயன்ற அளவில் வழங்க முயல வேண்டும்" என்று இருக்கிறதா, "வயபிலிட்டிக்கு உட்பட்டு" (லாபம் கட்டுப்படியானால் மட்டும்) என்று வால் ஒட்டியிருக்கிறதா? அந்த வால் இருந்தால், பிறகு கட்டுபவர் ஒரு கணக்கைக் காட்டி லாபம் போதாது என்று கடையையோ மலிவு வீட்டையோ குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. எனக்குத் தெரிய, ஒரு எஸ்டேட்டில் நூலகம் போனதே "முயல வேண்டும்" என்ற ஒரு சொல்லில்தான்.

ஆறு வாரத்துக்குள் எழுதுங்கள். அடுத்து ரெகுலேஷன் 19, அதாவது பிளானை இன்ஸ்பெக்டருக்கு அனுப்பும் முன் நடக்கும் கருத்துக்கேட்பு, வரும்போது மறக்காமல் திரும்பவும் எழுதுங்கள், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் திருத்தம் கேட்டு எழுதியவருக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் நேரில் பேச சட்டப்படி உரிமை உண்டு. எழுதாதவருக்குக் கிடையாது.

—

எட்டாம் மாடி எழுதியது:

மேலே அண்ணா சொன்னது எல்லாம் சரி, கேட்க நன்றாகவும் இருக்கிறது, ஆனால் கருத்துக்கேட்பு என்றால் என்ன என்று அனுபவித்தவள் நான் சொல்கிறேன். எங்கள் பிளாக்கை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்ன நேரம், சமூகக் கூடத்தில் ஆளுயரப் பலகைகள் வைத்து, கையில் பச்சையும் சிவப்பும் வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பிடித்த படத்தில் பச்சை ஒட்ட வேண்டும். மரம் வேண்டுமா, செங்கல் முகப்பு வேண்டுமா, பிள்ளைகள் விளையாட இடம் வேண்டுமா? யார் வேண்டாம் என்பார்கள், எல்லோரும் பச்சை ஒட்டினார்கள். "இருக்கிறதைத் திருத்திக் கொடுங்கள்" என்பதற்குப் பலகையே இல்லை. பிறகு வந்த அறிக்கையில் பெரும்பான்மையானோர் மறுசீரமைப்பை ஆதரித்ததாக இருந்தது!

ஆனால் ஒன்று, 2018இல் இருந்து லண்டனில் மேயரின் பணம் வாங்கி மலிவு வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேல் வீடு கட்டுவதென்றால் குடியிருப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 16 வயது நிரம்பிய சோஷியல் டெனன்ட்கள் (கவுன்சில் அல்லது வீட்டுச் சங்க வாடகைக்காரர்), ஒரு வருடமாவது அங்கே குடியிருக்கும் லீஸ்ஹோல்டர்கள் (பிளாட்டை நீண்டகாலக் குத்தகையில் வாங்கியவர்கள்) எல்லோருக்கும் வாக்கு உண்டு. கடைக்காரருக்கு இல்லை. தம்பி, அதனால் உங்கள் அப்பா மேலே குடியிருக்கிறவர்களோடு இப்போதே கதவைத் தட்டிப் பேச வேண்டும், அவர்களிடம்தான் வாக்குச்சீட்டு இருக்கிறது.

லீஸ்ஹோல்டர்கள் யாராவது இதை வாசித்தால்: கட்டாயக் கொள்முதல் (சம்மதம் இல்லாமலே கவுன்சில் வாங்குவது) என்று வந்தால், குடியிருப்பவருக்குச் சந்தை விலைக்கு மேல் 10 சதவீதம், ஒரு உச்சவரம்புக்குள், ஹோம் லாஸ் என்ற நட்ட ஈடாகக் கிடைக்கும், ஆனால் அந்தக் காசில் அதே இடத்தில் புது பிளாட் வாங்க முடியாது, கனவிலும் முடியாது. சதர்க்கில் ஐல்ஸ்பரி எஸ்டேட் விஷயத்தில் 2016இல் அமைச்சர் சஜித் ஜாவிட் கட்டாயக் கொள்முதலுக்கு ஒப்புதல் மறுத்ததே இதனால்தான். சேமிப்பைக் கரைக்கவோ ஊரைவிட்டுப் போகவோ வேண்டிவரும், அதிலும் சிறுபான்மை இனத்தவர்தான் கூடுதலாக அடிபடுவார்கள் என்று அந்த முடிவில் எழுதியிருந்தார்கள். விவகாரம் அதோடு முடியவில்லை, பிறகு கோர்ட் வரை போனது.

—

கணக்கப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் வரைபடத்தைப் பார்க்கிறீர்கள், நான் பட்ஜெட்டைப் பார்ப்பேன். கவுன்சிலிடம் காசு இல்லை, இருப்பது நிலம். நிலத்தை விற்றால், 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி கிடைக்கக்கூடிய நல்ல விலைக்குத்தான் விற்க வேண்டும், மலிவாகக் கொடுக்க அமைச்சரின் சம்மதம் வேண்டும். நல்ல விலை வேண்டுமென்றால் மேலே மாடி ஏற்ற வேண்டும். "ரீஜெனரேஷன் ஸ்ட்ராட்டஜி" (மறுசீரமைப்புத் திட்டம்) என்று பளபள அட்டையில் வருவதெல்லாம் இந்தக் கணக்குக்குப் போட்ட உடுப்பு, அவ்வளவுதான்.

சரி, அதுவும் சில இடத்தில் கவிழ்ந்துவிடும். லண்டனுக்குத் தெற்கே வோக்கிங் கவுன்சிலைப் பாருங்கள், நகர மையத்தில் கோபுரமும் ஹோட்டலும் கட்டக் கடன் மேல் கடன் வாங்கி, கடன் நூறு கோடி பவுண்டைத் தாண்டி, 2023 ஜூனில் 114 நோட்டீஸ், அதாவது செலவுக்குக் காசு போதாது என்ற அறிவிப்பு, போட்டார்கள். குரோய்டனில் பெரிய மால் வரப்போகிறது என்று 2013இல் அறிவித்தார்கள். நகர மையமே அதை நம்பி உட்கார்ந்தது, பத்து வருடம் கழித்தும் மால் வரவில்லை. யார் புது லீஸ் எடுப்பான், யார் கடை முகப்பைத் திருத்துவான், நாளைக்கு இடிப்பார்கள் என்றால்? கடைக்காரருக்கு இடிப்பதைவிட இந்த "இடிக்கலாம்" என்ற பத்து வருடம்தான் மோசம். எழுதிப் போடுவதால் எதுவும் மாறாது என்பது என் கருத்து.

—

பழைய வரைபடம் எழுதியது:

கணக்கு சரி, முடிவு தவறு. 2002இல் தொடங்கிய வீட்டுச் சந்தைப் புதுப்பிப்புத் திட்டத்தில் வட இங்கிலாந்தில் தெருத் தெருவாக வீடுகளைக் காலிசெய்தார்கள், லிவர்பூலின் கிரான்பியும் அதில் ஒன்று. அங்கே மிஞ்சியிருந்த சிலர் பூட்டிய வீடுகளின் முன்னால் செடி வைத்து, அடைத்த சன்னல்களில் வண்ணம் தீட்டி, தெருவில் சந்தை போட்டு, 2011இல் ஊராரே நிலத்தை வைத்து நடத்தும் சமூக நில அறக்கட்டளை ஆரம்பித்து, கடைசியில் கவுன்சிலே பாழடைந்த வீடுகளை அவர்களிடம் கொடுத்தது. அவர்களோடு வேலை செய்த அசெம்பிள் என்ற வடிவமைப்புக் குழுவுக்கு 2015இல் டர்னர் என்ற கலைப் பரிசு கூடக் கிடைத்தது. எல்லா இடத்திலும் இப்படி நடக்காது, தெரியும். ஆனால் ஒன்றும் மாறாது என்று சொல்லாதீர்கள், நான் இருந்த இடத்தில் ஒரு தையல்காரர் எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதத்துக்காக ஒரு சைட்டின் எல்லையை மாற்றியிருக்கிறோம். "எங்களை அழிக்காதீர்கள்" என்று அவர் எழுதவில்லை, நாங்கள் போட்ட கோடு லாரி திரும்பும் இடத்தை வெட்டுகிறது என்று அளந்து எழுதினார்.

தம்பி, லீஸை எடுத்துப் பார்த்தீர்களா? 1954 சட்டப் பாதுகாப்பு, அதாவது லீஸ் முடிந்தாலும் புதுப்பிக்கக் கேட்கும் உரிமை, இருக்கிறதா, இல்லை கையெழுத்துப் போடும்போது அதை விட்டுக்கொடுத்தீர்களா? பாதுகாப்பு இருந்து, இடித்துக் கட்டப் போகிறோம் என்ற காரணத்தில் புதுப்பிக்க மறுத்தால் நட்ட ஈடு உண்டு. 14 வருடத்துக்கு மேல் அதே இடத்தில் தொழில் நடத்தியிருந்தால் ரேட்டபிள் வேல்யூவின் (தொழில் வரிக்காகக் கடைக்குப் போட்டிருக்கும் மதிப்பு) இரண்டு மடங்கு.

அப்புறம், பிளானோடு "எவிடன்ஸ் பேஸ்" என்று, அதற்கு ஆதாரமான ஆய்வுகளின் ஒரு தனிப் பட்டியல் இருக்கும். அதில் கடைகள் பற்றிய ஆய்வை இறக்கி உங்கள் வரிசையைத் தேடுங்கள்.

—

மூலைக்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லீஸ் அப்பாவின் பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. விட்டுக்கொடுத்ததாக எங்கும் எழுதவில்லை, ஆனாலும் சொலிசிட்டரிடம் காட்டப் போகிறோம். நாலு வரியில் "வயபிலிட்டிக்கு உட்பட்டு" இருக்கிறது.

அண்ணா சொன்ன ஆய்வையும் இறக்கினேன். எங்கள் வரிசைக்கு நேரே "ஆறு கடைகள், மூன்று காலி, நலிந்த நிலை" என்று இருக்கிறது. ஒரு கடையும் காலி இல்லை! பக்கத்தில் சின்னதாக ஒரு படம், அதில் மூன்று ஷட்டர் இறங்கி இருக்கிறது. முடி வெட்டும் கடை, கெபாப் கடை, தையல் கடை. ஆய்வுத் திகதியைப் பார்த்தால் திங்கட்கிழமை, நிழலைப் பார்த்தால் காலை நேரம். முடி வெட்டுபவருக்குத் திங்கள் லீவு, கெபாப் கடை மதியம்தான் திறப்பது, தையல் அக்கா பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பத்து மணிக்கு வருவா.

அப்பா இப்போது ஒவ்வொரு மணிக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று படம் எடுக்கிறார். மேல் மாடிக் குடும்பங்களைச் சனிக்கிழமை கடைக்குக் கூப்பிட்டிருக்கிறோம்.