கலைச்சொல் விவாதம்: 'வொர்க்கிங் பீப்பிள்' என்பதற்கு 'உழைக்கும் மக்கள்' பொருந்துமா?

ஹரோ, லண்டன்

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கட சங்கத்தின் காலாண்டு இதழுக்காக பிரித்தானிய வரி பற்றி இரண்டு பக்கக் குறிப்பொன்றைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் தடக்கி நிற்கிறேன். 2024 தேர்தல் விஞ்ஞாபனத்தில் தொழிற் கட்சி 'வொர்க்கிங் பீப்பிள்' மீது வரியைக் கூட்ட மாட்டோம் என்று எழுதியிருந்தது. அதனால் வருமான வரி, தேசிய காப்புறுதி (சம்பளத்தின் மேல் அரசுக்குக் கட்டும் பங்களிப்பு), வற் (பெறுமதி சேர் வரி) மூன்றையும் உயர்த்த மாட்டோம் என்பது வாக்குறுதி. வென்று வந்து, அந்த ஒக்டோபர் 30 வரவு செலவுத் திட்டத்தில், தொழில்தருநர் (வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி) கட்டும் தேசிய காப்புறுதியை 13.8 வீதத்திலிருந்து 15 வீதமாக்கினார்கள். ஒரு பணியாளுக்கு ஆண்டுச் சம்பளம் 9,100 பவுணைத் தாண்டினால்தான் கட்ட வேண்டும் என்றிருந்ததை 5,000 ஆகக் குறைத்தார்கள். வாக்கு மீறப்பட்டதா இல்லையா என்ற சண்டை முழுக்க அந்த இரண்டு சொல்லின் பொருளில்தான் நடந்தது.

தொழிற் கட்சித் தலைவராக அந்தத் தேர்தலை வென்ற கீர் ஸ்டார்மரிடம் யார் இந்த மக்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தேர்தலுக்கு முன் சொன்னது: சம்பாதித்துச் சீவிக்கிறவர்கள், ஒரு கஷ்டம் வந்தால் காசோலை எழுதித் தப்பிக்க வசதியில்லாதவர்கள். வரவு செலவுத் திட்டத்துக்கு ஒரு கிழமை முன், சமோவாவில் பொதுநலவாய மாநாட்டுக்குப் போன இடத்தில், பங்குகளிலும் வீட்டு வாடகையிலும் வருமானம் எடுக்கிறவர்கள் என் வரையறைக்குள் வரமாட்டார்கள் என்றார். பிறகு அவருடைய அலுவலகம், கொஞ்சம் சேமிப்பாகப் பங்கு வைத்திருக்கிறவர்களை அவர் சொல்லவில்லை என்று விளக்கியது. தொகை என்று ஒன்றையும் எவரும் சொல்லவில்லை. ஆண்டுக்கு 12,570 பவுணுக்கு மேல் உழைத்தால் வருமான வரி தொடங்குகிறது, 50,270க்கு மேல் 40 வீதம். முழுநேர வேலை செய்கிறவர்களின் ஆண்டுச் சம்பளத்தில் நடு எண் (பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) 2024 இல் 37,430. இதில் எந்தக் கோட்டில் நின்று 'சாதாரண ஆள்' என்று சொல்வது?

இங்கத்தைத் தமிழ்ச் செய்திகளில் 'உழைக்கும் மக்கள்' என்று போடுகிறார்கள். எனக்கு அது மே தின மேடையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. வேறு சொல் உண்டா?

*

பெரம்பூர், சென்னை

அம்மா, வணக்கம். நான் நாற்பது வருஷம் தொழிலாளர் வழக்குகளில் காகிதம் சுமந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லைத் தேடும் முன் ஒன்று. தொகை சொல்லவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். தொகை சொன்ன நாட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். இந்தியாவின் 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் தொழிலாளி யார் என்பதை முதலில் வேலையின் தன்மையை வைத்துத்தான் சொன்னார்கள். மிஷின் ஓட்டுபவர் லட்ச ரூபாய் வாங்கினாலும் தொழிலாளிதான். மேற்பார்வை வேலைக்கு மட்டும் ஒரு பண வரம்பு. 1984இலிருந்து அது மாதம் 1,600 ரூபாய். அதை 10,000 ஆக்க 2010 வரை ஆனது. இருபத்தாறு வருஷம்! நடுவில் விலைவாசி எங்கே போனது? 1,600 என்பது ஒருகாலத்தில் கௌரவமான சம்பளம். தொண்ணூறுகளின் கடைசியில் வாட்ச்மேனே அதைத் தாண்டிவிட்டார். 'சூப்பர்வைசர்' என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து, வேலைநீக்கம் செய்து, "இவர் தொழிலாளியே இல்லை, வழக்கு செல்லாது" என்று முதலாளி தரப்பு எதிருரை போடும். அந்தக் கடிதம் எத்தனை பார்த்திருக்கிறேன்! காலையில் துடைப்பம் எடுப்பவரும் அவர்தான், கடிதப்படி மேற்பார்வையாளரும் அவர்தான். 2020இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் வரம்பு 18,000. அதுவும் சீக்கிரம் பழசாகும்.

வருங்கால வைப்பு நிதிக்கு (இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி) மாதச் சம்பள வரம்பு 2014இல் 15,000 என்றார்கள், பத்து வருஷம் கழிந்தும் அதே எண்தான் நின்றது. இதற்கு நேர்மாறு பணிக்கொடைச் சட்டம். 1994இல் சம்பள வரம்பையே தூக்கிவிட்டார்கள். எவ்வளவு வாங்கினாலும் உரிமை உண்டு. கொடுக்கும் தொகைக்கு மட்டும் உச்சம். வரம்பை எடுத்ததால் சட்டம் சாய்ந்துவிடவில்லை.

ஆகவே என் கருத்து: எந்தச் சொல் எடுத்தாலும் அதற்குள் வருமான எண் இருக்கக் கூடாது. வரம்பைத் தனியாகச் சொல்லுங்கள்: ஊதிய வரம்பு, குடும்ப வருமான வரம்பு என்று. ஆளின் பெயர் வேறு, கோட்டின் பெயர் வேறு.

சொல்? 'தொழிலாளர்' வேண்டாம், அது சட்டத்தின் சொத்தாகிவிட்டது. (ஒரு விஷயத்தில் அதைப் பாராட்டியே ஆக வேண்டும். சட்டத்தின் ஆங்கில வாசகம் 'வொர்க்மேன்' என்பதை விட்டு 'வொர்க்கர்' என்று மாற எழுபது வருஷத்துக்கு மேல் எடுத்தது. நம் சொல்லில் ஆண்பால் முதலிலேயே இல்லை.) 'உழைப்பாளர்' நன்றாக இருக்கிறது, ஆனால் படித்தவுடன் எனக்கு மெரினா சிலை வந்து நிற்கிறது. நான்கு ஆண்கள், ஒரு பாறை. அலுவலகத்தில் கணினி தட்டும் பெண் அதில் எங்கே நிற்பார்?

*

தஞ்சாவூர்

எதற்கு இவ்வளவு? 'சாமானியர்'. எல்லோருக்கும் தெரியும்.

*

பெரம்பூர், சென்னை

தெரியும் தம்பி. அதனால்தான் வேண்டாம். சாமானியர் என்றால் வேலை இல்லாதவரும் உண்டு, படிக்கிற பிள்ளையும் உண்டு, மேடையில் "நானும் ஒரு சாமானியன்" என்கிற கோடீஸ்வர வேட்பாளரும் உண்டு.

*

திருப்பூர்

அக்கா, ஐயா, நான் பனியன் கம்பெனி ஒன்றில் சம்பளக் கணக்கு பார்க்கிறவன். ஐயா சொன்ன கோடு விஷயத்தைத் தினமும் பார்க்கிறேன்.

எங்களிடம் ஒரு கட்டிங் மாஸ்டர். நாளைக்கு 800 ரூபாய், 26 நாள். மாதம் 20,800. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீடு) சம்பள வரம்பு 2017லிருந்து 21,000. அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 156 ரூபாய். அந்த 156க்கு வீட்டம்மா, பிள்ளைகள், ஊரில் இருக்கும் அம்மா வரைக்கும் வைத்தியம். ஒரு தடவை நாளைக்கு இருபது ரூபாய் ஏற்றித் தருகிறோம் என்று முதலாளி சொன்னார். மாஸ்டர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் என் மேஜைக்கு வந்து கணக்கு கேட்கிறார். 820 பெருக்கல் 26, 21,320. கோட்டுக்கு வெளியே. பங்களிப்புக் காலம் முடிகிற வரைக்கும், அதாவது செப்டம்பர் கடைசி வரைக்கும் பிடித்தம் ஓடும், அதற்கு மேல் பிடித்தம் இல்லை, பிறகு வைத்தியமும் ஒருநாள் நின்றுவிடும் என்றேன். ஓவர்டைம் எவ்வளவு வந்தாலும் அதை வரம்புக்குச் சேர்க்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "அப்ப ஏத்தறதை ஓவர்டைம்ல போட்டுக் குடுங்க"ன்னார். அப்படி எழுத முடியாதுங்க என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் சும்மா பெருக்கிப் பார்த்தேன். 20,800 பன்னிரண்டு மாதத்துக்கு 2,49,600. மகளிர் உரிமைத்தொகைக்கு (தமிழக அரசு பெண்களுக்கு மாதாமாதம் தரும் பணம்) குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நானூறு ரூபாயில் உள்ளே இருக்கிறார்! இருபது ரூபாய் ஏற்றினால் 2,55,840, அந்தக் கோட்டுக்கும் வெளியே. நேற்று வரைக்கும் ஏழை, இன்றைக்கு வசதியானவர். கத்தரி பிடிக்கிற கை அதே கைதான். இந்தப் பக்கம் மத்திய அரசின் இட ஒதுக்கீட்டில், வேறு ஒதுக்கீட்டில் வராத, ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பம் 'பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு' என்று 2019லிருந்து இருக்கிறது. மாதம் 66,000 சொச்சம். மாஸ்டரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

சொல் என்று கேட்டால், எங்கள் பக்கம் 'அன்றாடங்காய்ச்சி' என்போம். அன்றைக்கு வந்த காசில் அன்றைக்கு உலை. மாஸ்டருக்கு அது பொருந்தாது, அவர் சனிக்கிழமை வாங்குகிறார். ஆனால் ஸ்டார்மர் காசோலை என்று சொன்னதும் இதுவும் ஒரே கேள்விதானே? வருமானம் நின்றால் உலை எத்தனை நாள் கொதிக்கும்?

*

ஹரோ, லண்டன்

திருப்பூர் தம்பிக்கும் பெரம்பூர் ஐயாவுக்கும் நன்றி. கோட்டை வேறு பெயரில் வைக்க வேணும் என்பதை ஏற்கிறேன்.

நேற்று இரவு ஒரு விசயம் நடந்தது. அத்தான் இருபது வருசமாக இங்கே மூலைக்கடை ஒன்று வைத்திருக்கிறார். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பதினொன்றுக்குப் பூட்டுகிறவர். என்ர வரைவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "உழைக்கும் மக்கள் மீது வரி கூட்டப்பட மாட்டாது" என்ற வரி வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"உழைக்கிற ஆக்களிட்டத்தானே வரி எடுக்கலாம்? உழைக்காதவனிட்ட என்னத்தை எடுக்கிறது?"

எனக்கு ஒரு நிமிசம் பிடிபடவில்லை. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. எங்கட பேச்சில் உழைக்கிறது என்றால் சம்பாதிக்கிறது. "மாசம் எவ்வளவு உழைக்கிறாய்?" என்று கேட்டால் அது சம்பளத்தைக் கேட்பது. "கனடாவுக்குப் போய் நல்லா உழைச்சிட்டான்" என்றால் காசு சேர்த்துவிட்டான். தமிழ்நாட்டில் அதே வசனம் பாவம், பாடுபட்டான் என்று கேட்கும். மேலே என் முதல் மடலிலேயே "12,570க்கு மேல் உழைத்தால்" என்று எழுதியிருக்கிறேன் பாருங்கோ. சென்னையில் அதை எப்படி வாசித்திருப்பீர்களோ!

ஆகவே 'உழைக்கும் மக்கள்' இரண்டு கரையில் இரண்டு பொருள். உங்களுக்கு வியர்வை, எங்களுக்கு வருமானம். முதலில் இது ஒரு கேடு என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்க, இந்த அரசியல் சொல்லில் கிடக்கிற குழப்பமே இதுதான் என்று படுகிறது. ஆங்கிலத்திலும் அந்தச் சொல் பாடுபடுகிறவன் என்ற மரியாதையைத் தந்துகொண்டு, சம்பாதிக்கிறவன் எல்லாரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. தெரேசா மே 2016 இல் பிரதமராகி வாசலில் நின்று பேசியதும் இதே ஆக்களை நோக்கித்தான்: வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, ஆனால் வீட்டுக் கடனின் மாதக் கட்டுப்பணத்தை நினைத்தால் நித்திரை வராது. எந்தக் கட்சிக்கும் தேவையான ஆள், எந்தக் கட்சியும் அளந்து காட்டாத ஆள்.

இப்ப என் முன்மொழிவு: 'உழைப்பில் வாழ்வோர்'.

உழைப்பு என்பதைப் பாடு என்று எடுத்தாலும் சரி, சம்பாத்தியம் என்று எடுத்தாலும் சரி, சொல் உடையாது. எதிர்ச்சொல்லும் கூடவே வருகிறது: 'உடைமையில் வாழ்வோர்'. சமோவாவில் ஸ்டார்மர் கீற முயன்ற கோடு இதுதானே: பங்கும் வாடகையும் ஒரு பக்கம், சம்பளம் மறுபக்கம். கொஞ்சம் பங்கு வைத்திருக்கிற தாதிக்கும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அவர் அதில் வாழவில்லை. திருப்பூர் தம்பியின் மாஸ்டர் 800இலும் உள்ளே, 820இலும் உள்ளே.

அத்தானை எங்கே வைப்பது என்பதுதான் இழுபறி. கடை அவருடைய உடைமை. ஆனால் அவர் ஒரு கிழமை படுத்தால் கடையும் படுக்கும். நான் அவரை உள்ளே வைக்கிறேன். (புதிய காப்புறுதி வீதம் அவரைக் கடிக்கவில்லை என்பது வேறு கதை. அதே வரவு செலவுத் திட்டத்தில் சிறிய தொழில்தருநருக்கான கழிவை 5,000 பவுணிலிருந்து 10,500 ஆக்கினார்கள். அவரிடம் இரண்டு பொடியள்தான் வேலை. இதைச் சொன்ன பிறகும் அரசாங்கத்தைத் திட்டுவதை அவர் நிறுத்தவில்லை.)

*

யாழ்ப்பாணம்

நல்ல சொல். ஆனால் இன்னும் இறுக்கலாம். 'உழைத்துண்போர்' என்று வையுங்கள். குறளில் 'உழுதுண்டு வாழ்வார்' இருக்கிறது, அதே அச்சு. ஒரே சொல்லாக நிற்கும், வேற்றுமை உருபு ஏற்கும்: உழைத்துண்போருக்கு, உழைத்துண்போரின். மூன்று சொல் தொடருக்குள் 'உழைப்பில் வாழ்வோருக்கான வரிக்கழிவு' என்று எழுதினால் யார் எதில் வாழ்கிறார்கள் என்று தடுமாறும்.

*

பெரம்பூர், சென்னை

இலக்கணம் அழகு, ஐயா. ஆனால் 'உண்போர்' என்றவுடன் விடுதிச் சாப்பாடு ஞாபகம் வருகிறது. 'உழைத்துண்போர் மீது வரி' என்று நோட்டீசில் போட்டால் சாப்பாட்டுக்கு வரி என்று பேரப்பிள்ளை கேட்பான். கேட்டும்விட்டான்.

அம்மாவின் சொல்லுக்கு என் கை. ஒரே ஒரு திருத்தம்: ஒருமை வரும் இடத்தில் 'உழைப்பில் வாழ்பவர்'. 'உழைப்பாளி' என்று சுருக்க ஆசைப்படாதீர்கள், மறுபடி பாறையைத் தள்ள வேண்டி வரும்.

*

திருப்பூர்

எனக்கும் சரிங்க. மாஸ்டரிடம் படித்துக் காட்டினேன். "அது சரி, அந்த இருபது ரூபா என்னாச்சு?" என்கிறார்.

*

ஹரோ, லண்டன்

அப்ப இதழில் இப்படிப் போகிறது:

"உழைப்பில் வாழ்வோர் மீது வரி கூட்டப்பட மாட்டாது என்று தொழிற் கட்சி 2024 இல் வாக்குறுதி அளித்தது. எவ்வளவு வருமானம் வரை ஒருவர் உழைப்பில் வாழ்பவராகக் கொள்ளப்படுவார் என்று விஞ்ஞாபனம் கூறவில்லை."

தமிழ்நாட்டு வாசகருக்காகத் தொழிற் கட்சியை ஒரு இடத்தில் 'தொழிலாளர் கட்சி' என்றும், காப்புறுதியைக் 'காப்பீடு' என்றும் அடைப்புக்குள் தந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம். பக்கத்து வீட்டு அம்மா முப்பது வருசம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து இப்ப ஓய்வூதியத்தில் இருக்கிறா. வாசித்துப் பார்த்துவிட்டு, "நான் இப்ப உழைப்பில் வாழுறனா, இல்லையா?" என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை. இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏதாவது தோன்றினால் வியாழனுக்கு முன் எழுதுங்கோ.