மறு: வாசகசாலைக் கூரை, லதா படம், பழைய பாக்கி

சங்கத்துச் சொந்தங்களுக்கு,

சின்னம்மா மகன் போன வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தான். வாசகசாலையில கிழக்கு மூலை ஓடு நாலைக் காணோமாம். கீழே ஒரு மஞ்சள் வாளி. அது ரொம்பி வழிஞ்சு, பழைய சினிமாப் புத்தகக் கட்டெல்லாம் ஊறி அடை மாதிரி ஒட்டிக் கிடக்காம்.

இதை எழுத உக்காந்தா, தோஹா மச்சான் மடல் முந்திக்கிருச்சு. முன்சுவத்துல ராமநாதபுரம் அரண்மனைப் பொண்ணு, நடிகை லதா படம் வைக்கணும், ஆளுக்கு 2,000, நம்ம சீமைப் பெருமை.

பெருமைதான், யாரு இல்லைன்னா? 1952-ல சுயேச்சையா ஜெயிச்சு ராஜாஜி மந்திரிசபையில இருந்த சண்முக ராஜேஸ்வர சேதுபதி மகாராஜா பெத்த பொண்ணு. வீட்டுல பேரு நளினி. 1973-ல உலகம் சுற்றும் வாலிபன், மஞ்சுளா, சந்திரகலாவோட மூணுல ஒண்ணா வந்தாக. மறுவருசமே உரிமைக்குரல். 1978-ல மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் வரைக்கும் எம்.ஜி.ஆருக்கு ஜோடி. என்னைக் கேட்டா, அதே வருசம் வந்த வட்டத்துக்குள் சதுரத்துலதான் அவுக நடிப்பே தெரியும். அதை மச்சான் பாத்திருக்க மாட்டாரு.

உரிமைக்குரல் நம்ம கீத்துக் கொட்டகைக்கு வந்தப்ப அய்யாவோட போனேன். மணல் தரை. எம்.ஜி.ஆர். அதுல வெள்ளாமைக்காரரு. லதா திரையில வந்ததும் அய்யா தோள்துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு. பின்னால ஒருத்தன் சிரிச்சான். 1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து அத்தனை வருசம் ஆகியும், அரண்மனைக்கு விளைச்சல்ல வாரம் அளந்த கைக்கு அது தெரியல. படம் முடிஞ்சப்புறந்தான் துண்டு தோளுக்கு ஏறுச்சு. வீட்டுல அப்பத்தா பிலுபிலுன்னு பிடிச்சுக்கிருச்சு, "மகாராசா பிள்ளை கூத்தாடுறதைக் காசு குடுத்து வேற பாத்துட்டு வர்றீகளா?"

அன்னைக்கு அப்படிப் பேசுன தெருவுல இன்னைக்குப் பெருமை. வைங்க. ஆனா ஒழுகுற சுவத்துல மாட்டினா ஒரு மழைக்குத் தாங்காது.

மேலவீட்டு அண்ணே, ஊரணிப் படித்துறை வசூல்ல மிச்சம் 18,500 உங்க கையிலதானே இருக்கு? முதல்ல ஓடு வாங்குங்க.

— கீழத்தெரு, டொராண்டோ

---

தம்பி, 18,500 இல்ல, 17,940. கொத்தனாருக்குக் குடுத்த 560-க்குச் சீட்டு இருக்கு. டொராண்டோவுல இருந்து இன்னும் 2023 சந்தாவே வரல.

— மேலவீடு, சிங்கப்பூர்

---

எங்க அப்பா போட்ட ஓடு அது. உங்க அய்யா துண்டுக் கதையை ஆயிரம் தடவை கேட்டாச்சு மாப்ள. என் தங்கச்சி கல்யாணத்துக்கு மொய் எழுதாத வீடு, எங்க பெருமையை அளக்க வருது. படத்துக்கு நான் ஒருத்தனே குடுத்துக்கிறேன். எம்புட்டு ஆகும், அதை மட்டும் சொல்லுங்க.

— தோஹா