பாற்பெருக்கி: கடலுணவும் தாய்ப்பாலும் குறித்த ஒரு சொல்லுக்கான பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தாய்ப்பால் சுரப்பைக் கூட்டும் உணவையோ மருந்தையோ குறிக்கும் 'கலக்டகோக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டு நான் சென்ற கிழமை எழுதியதற்குப் பாலூக்கி, பால்சுரப்பி, பால்பெருக்கி என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. சிரமம் எடுத்து எழுதிய மூவருக்கும் நன்றி. திருகோணமலையில் தாய்-சேய் கிளினிக்குகளுக்கு வரும் தாய்மாருக்காக, கடலுணவும் தாய்ப்பாலும் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றை மொழிபெயர்த்துவருகிறேன். அதன் ஆங்கில மூலத்தில் இச்சொல் நான்கு இடங்களில் வருகிறது. நான்கிலும் ஒரே பொருளில் வரவில்லை என்பதே என் சிக்கல்.

முதலில், கைவிட வேண்டியவை. 'சுரப்பி' இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் உடலுறுப்புக்கு நிலைத்துவிட்ட சொல்; பால்சுரப்பி என்றால் எவரும் முலைச்சுரப்பியையே நினைப்பர். 'பாலூக்கி' கேட்க இனிமையானது. ஆயினும் எங்கள் பாடநூல்களில் 'ஊக்கி' என்பது தாக்கத்தை விரைவுபடுத்தித் தான் மாறாமல் எஞ்சும் இரசாயனப் பொருளைக் குறிக்கிறது. தாய் உண்ணும் மீன் அப்படி எஞ்சுவதில்லை. அத்துடன் 'பாலூட்டி' என்ற சொல்லுக்கும் இதற்கும் ஈற்றிலுள்ள இரண்டு எழுத்துகளே வேறுபாடு என்பதால், கிளினிக் வாங்கில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கும் ஒருத்தி இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டாள் என்று என்னால் உறுதி கூற முடியாது.

எஞ்சும் 'பால்பெருக்கி'க்கு ஒரு குடும்பமே இருக்கிறது. சித்த மருத்துவத்தில் மருந்துகளின் செய்கையைச் சொல்லும்போது சிறுநீர்பெருக்கி, வியர்வைபெருக்கி, உமிழ்நீர்பெருக்கி என்று வழங்குவதை அனைவரும் அறிவோம். கிரேக்கத்தில் 'கலா' என்பது பால், 'அகோகோஸ்' என்பது நடத்திச் செல்வது. உமிழ்நீர்பெருக்கிக்கான ஆங்கிலச் சொல்லும் இதே ஈற்றைக் கொண்டதே. ஆகவே புதிதாக எதையும் வார்க்காமல், இருக்கும் வரிசையில் இதையும் அமர்த்திவிடலாம். புணர்ச்சியைப் பொறுத்தவரை 'பாற்பெருக்கி' என்றே எழுத விரும்புகிறேன். பாற்சோறு உண்டு வளர்ந்த எங்களுக்கு அந்த றகர மெய் அந்நியமானதன்று. (பால்சுறாவைப் பாற்சுறா என்று இங்குள்ள மீனவர் எவரும் சொல்வதில்லை, மீனின் பெயர் அவர்களுடையது, அதை அப்படியே விட்டுவிடுவோம்.)

சொல் கிடைத்துவிட்டது, ஆனால் அதை எதற்குச் சூட்டுவது என்பது முடிவாகவில்லை. இங்குள்ள பெண்கள் பாலைப் பற்றிப் பேசும் முறை இதில் எனக்கு மிகவும் உதவியது. பால் ஊறுகிறது, பால் இறங்குகிறது, பால் கட்டிவிட்டது, பால் வற்றிவிட்டது என்று அவர்கள் நான்கு வினைகளைத் தனித்தனியே ஆள்கிறார்கள். உடற்றொழிலியலும் ஏறத்தாழ அவ்வாறே பிரிக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்திரோன் என்னும் ஓமோனின் அளவு சடுதியாக வீழ்வதாலும், புரோலக்ரின் என்னும் ஓமோன் உயர்ந்து நிற்பதாலும், இரண்டு மூன்று நாட்களுக்குள் பால் பெருகி ஊறத் தொடங்குகிறது. ஊறிய பாலை வெளியே தள்ளுவது ஒட்சிரோசின் என்னும் ஓமோன். பிள்ளை உறிஞ்சும்போது அது சுரந்து பாற்சிற்றறைகளைச் சூழ்ந்த தசைக்கலங்களைச் சுருக்குகிறது. அச்சமும் வலியும் அதைத் தாமதப்படுத்துகின்றன. எடுக்கப்படாத பால் தேங்கும்போது மார்பே உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே பாற்பெருக்கி என்பது ஊறுதலுக்கு மட்டுமே உரிய சொல்லாக இருக்க வேண்டும். இறங்குதலுக்கு உதவுவதற்கு வேறு சொல் தேவை. அதைப் பிறகு பேசலாம்.

இனிக் கடலுணவு. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியக் கறியுடன் சுறா வறை கொடுக்காத குடும்பம் அரிது. சுறாவை அவித்து, தோலுரித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் உள்ளியும் மிளகும் சேர்த்து, உறைப்பைக் குறைத்து வறுப்பார்கள். திருக்கடலூர்க் கரையில் பால்சுறா வந்திருக்கிறதென்றால், எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறதோ அந்த வீட்டுக்கு அது போய்ச் சேரும். அம்மீனுக்கு ஆங்கிலத்திலும் பாலைச் சேர்த்தே பெயர். பால் சுரக்க உதவும் என்ற இந்தியக் கரையோர நம்பிக்கையிலிருந்து சென்ற பெயர் அது. இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். என் தாயார் எனக்குச் சமைத்துத் தந்ததும் அதுதான். ஆனால் முதல் வறை தட்டுக்கு வரும் நாளும், உடல் தன்னியல்பாகப் பாலைப் பெருக்கும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். எது எதனால் வந்ததென்று அந்த நாளை வைத்துக்கொண்டு தீர்மானிக்க இயலாது.

கடலுணவின் சேர்வைகள் பாலுக்கு என்ன செய்கின்றன என்று பார்த்தால் மூன்று வழிகள் தென்படுகின்றன. மீன் புரதத்திலுள்ள லியூசின், மெதியோனின் போன்ற அமினோ அமிலங்கள், முலைச்சுரப்பிக் கலங்களுக்குள் புரதத் தொகுப்பை முடுக்கும் எம்-டோர் என்னும் சமிக்ஞை வழியைத் தூண்டுவது ஆய்வுகூடக் கல வளர்ப்புகளில் காணப்பட்டிருக்கிறது. பாற்பெருக்கி என்ற பெயருக்கு மிக அருகில் வருவது இதுவே. ஆனால் ஆய்வுகூடத் தட்டில் வளரும் கலம் தாயின் மார்பாகிவிடாது. இரண்டாவது, பாலுக்குள்ளேயே போய்ச் சேர்பவை. மீனெண்ணெயிலுள்ள டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்பமிலம் தாயின் உணவில் கூடினால் பாலிலும் கூடும். அயடீனை முலைச்சுரப்பி குருதியிலிருந்து இழுத்துச் செறிக்கிறது; பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயடீன் தேவையென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கணவாயிலும் மட்டியிலும் நிறைந்துள்ள தோரின், தாய்ப்பாலின் கட்டற்ற அமினோ அமிலங்களுள் முன்வரிசையில் நிற்பது. பசுப்பாலில் அது மிகக் குறைவு என்பதாலேயே 1980கள் முதல் குழந்தைப் பால்மாவில் சேர்க்கப்பட்டு வருகிறது. (1827இல் எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் எருதின் இலத்தீன் பெயரைத் தாங்கி நிற்கும் பொருள் இது. ஒரு பெயர் எவ்வளவு தற்செயலாக ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.) மூன்றாவது, தாயின் உடலைத் தேற்றும் பொதுப் போசணை.

இரண்டாம் வகை பாலின் தரத்தைக் கூட்டுகிறது, அளவைக் கூட்டுவதாகக் கொள்ள இடமில்லை. இவற்றையும் பாற்பெருக்கி என்று அழைத்தால், பால் போதவில்லை என்று கலங்கும் தாய்க்குத் தவறான வாக்குறுதி கொடுத்தவர்களாவோம். அவள் இரண்டு நாள் கணவாய் சாப்பிட்டுவிட்டுப் பால் கூடவில்லையே என்று தன்னையே நொந்து, பிள்ளையை மார்பில் போடுவதைக் குறைத்துவிடக் கூடும். உண்மையில் பாலை வற்றச் செய்வது அதுதான். எனவே இவ்வகைக்கு வேறு சொல் வேண்டும். 'பாற்செறிவூட்டி' என்று முதலில் எண்ணினேன். ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்காகக் கறந்த தாய்ப்பாலில் கலக்கும் மருத்துவப் பொருளுக்கு அச்சொல்லே பொருத்தமானது. ஆகவே 'பால்சேர் கூறு' என்று முன்மொழிகிறேன்: உணவிலிருந்து பாலுக்குச் சென்று சேரும் கூறு. இதில் மட்டும் றகரப் புணர்ச்சியைத் தவிர்த்தே எழுதுகிறேன்.

முதல் வகையிலும் அவசரப்படக் கூடாது. பாலைப் பெருக்குவதாகக் கூறப்படும் மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றி மருத்துவச் சோதனைகளை ஒருங்கே மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட திறனாய்வு 41 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தும், சான்றின் உறுதி குறைவென்றே முடித்தது. டொம்பெரிடோன் என்னும் மருந்து புரோலக்ரினை உயர்த்துவது தெளிவானது. ஆனால் இதயத் துடிப்பு தொடர்பான எச்சரிக்கை உள்ளதால் மருத்துவர் சொல்லாமல் எடுக்கத் தக்கதன்று. சுறாவுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெரிய சுறாக்களின் தசையில் மெதைல் பாதரசம் என்னும் நச்சுப்பொருள் சேர்வதால், பாலூட்டும் தாய்மார் சுறாவைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அறிவுறுத்துகிறது. பால்சுறா சிறிய இனம்தான். எனினும் சந்தையில் துண்டாகக் கிடக்கும் சுறா எந்தச் சுறா என்று கண்டறிவது எளிதன்று. ஆதலால் பிரசுரத்தில் சூடை, சாளை, கீரி, நெத்தலி ஆகிய சிறு மீன்களையே முன்னே வைத்திருக்கிறேன்.

எனவே சொற்பட்டியலுக்கு நான் தரும் வரையறை இது. பாற்பெருக்கி: பால் ஊறும் அளவைக் கூட்டுவதற்கென எடுக்கப்படும் உணவு அல்லது மருந்து; அதன் பயன் சோதனையில் நிறுவப்பட்டதா என்பது தனியே குறிக்கப்பட வேண்டும். பால்சேர் கூறு: தாயின் உணவிலிருந்து பாலில் கலந்து அதன் தன்மையை மாற்றும் சேர்வை. பிரசுரத்தின் நான்கு இடங்களில் மூன்றில் இரண்டாவது சொல்லே பொருந்துகிறது. பால் இறங்குதலைக் கலைச்சொல்லாக ஏற்று 'பாலிறக்கம்' என்று எழுதலாமா என்பதையும், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தாய்மார் இதற்கு வேறு சொல் வழங்குகிறார்களா என்பதையும் அறிந்தவர்கள் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து